நான்காம் வேற்றுமை

ரெண்டையும் சேர்த்தா, என்று கேட்டார்
பத்தாங் பெர்ஜுந்தை அஞ்சலகத்தில் எனக்கு முன்னால் நின்றவர்.
ஆங்கிலமும் செவ்வியல் நாகரிகமும்.
முதலாவது அவருக்குப் புரிந்தது.
இரண்டாவதற்கு, கிரேக்கம், ரோம் என்றேன்.
"அங்க வேல கிடைக்குமா?"
அங்கே இப்போது யாருக்குமே வேலை இல்லை என்று
சொல்லாமல் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

இந்த ஊருக்கே இரண்டு பெயர்.
அரசாங்கம் புதிதாக ஒன்று வைத்திருக்கிறது,
பேருந்தில் ஏறுகிறவர்கள் பழையதைச் சொல்லித்தான்
டிக்கெட் எடுக்கிறார்கள்.
எனக்கு மட்டும் ஏன் ஒரே பாடம்?

அம்மாவின் இபிஎஃப் இரண்டாம் கணக்கில்
பதினேழு வருட மருந்தடிப்பு இருந்தது.
அதை விமானச் சீட்டாக மாற்றிக்கொண்டு,
மிச்சத்துக்கு உபகாரச் சம்பளம் என்று போனவள்
குளிர்ந்த வகுப்பறையொன்றில்
ரோமானியப் பண்ணையின் வரைபடம் பார்த்தேன்.
எண்ணெய்ச் செக்கு, தானியக் கிடங்கு, துரை வீடு
(ஆமாம், குறிப்பேட்டில் துரை வீடு என்றுதான் எழுதினேன்),
மூலையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.
மற்றவர்கள் மாளிகைச் சாளரத்திலிருந்து
திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் கட்டங்களில் எங்கள் வீட்டைத் தேடினேன்.
கடைசிக்கு முந்தியது,
தண்ணீர்க் குழாய்க்கு எதிரில்.

மதியம் ஆங்கிலம், வேறு கட்டடம்.
நிலம் திருத்தப்பட்டது. மரங்கள் நடப்பட்டன.
செயப்பாட்டு வினை எத்தனை சுத்தம்,
கையே இல்லாமல் காடு அழிகிறது.
அம்மா பேச்சில் அது வராது.
நான் அடிச்சேன், சரோசா அடிச்சா, காத்து திரும்பிச்சு.
எல்லா வினைக்கும் ஆள் உண்டு, காற்றுக்குக்கூட.
அந்தப் 'படு' அவளிடம் ஒரே இடத்தில்தான்:
மருந்து மூஞ்சியில பட்டுச்சு.

மண்டோர் என்ற சொல்
போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது,
அடியில் கட்டளையிடு என்னும் லத்தீன் வினை
என்று அகராதியில் கண்ட இரவு தூங்கவில்லை.
எத்தனை காலைகள், ஐந்தரைப் பெரட்டில்,
கையில் செக்ரோலோடு
என் பாடம் எனக்கு முன்பே வந்து
அம்மா பெயரைக் கூப்பிட்டிருக்கிறது.

இந்த விடுமுறைக்கு வந்தால்
அஞ்சாம் நம்பர் காட்டில் செம்பனை இல்லை.
வளைவு நிற்கிறது.
எட்டு வெள்ளைத் தூண்கள்.
தட்டிப் பார்த்தேன், டொக்கென்றது,
உள்ளே ஒன்றுமில்லை.
மேலே தங்க எழுத்தில் லத்தீன்.
குடும்பத்துக்கு ஓர் இல்லம்
என்று சொல்ல நினைத்திருக்கிறார்கள்.
இல்லம், குடும்பம், அவ்வளவுதான் வந்திருக்கிறது.
இரண்டு எழுவாய்கள் பக்கத்தில் பக்கத்தில்,
ஒரே பேருந்து நிறுத்தத்தில்
ஒன்றையொன்று தெரியாதவை போல.
நான்காம் வேற்றுமை விழுந்துவிட்டது.
தமிழில் என்றால் ஒரு 'கு'.

காவலர் தேவ் பகதூரிடம் மலாயில் சொன்னேன்,
எழுத்து தப்பு.
அண்ணாந்து பார்த்தார்.
கேட் திறக்குதே, என்றார்.
மாதிரி வீட்டைப் பார்ப்பதானால் புத்தகத்தில் எழுத வேண்டுமாம்.
பெயர்: பவுனம்மா, மகள்.
கார் எண்: ஒரு கோடு.
நோக்கம்: படிக்க.

அம்மா வாசலில்
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள்.
"அப்படி என்னடி தப்பு அதுல?"
யாருக்குன்னு போடல, என்றேன்.
"அதான் கீழ போட்டிருக்கானே."
விலைப் பலகையைக் காட்டினாள்.
சுழியங்களை விரல்விட்டு எண்ணினாள்.
இடையில் விட்டுப்போய்
மறுபடி முதலிலிருந்து.